அண்டை நாடுகளும் நம் அன்றாட வாழ்வும்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பொன்விழாச் சந்திப்பில் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் தொலைபேசியில் அழைத்தபோது, வியாபாரத்தைப் பற்றித்தான் பேசச் சொல்வார் என்று நினைத்தேன். "நீங்கள் ஏதோ அரசியல் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறீர்களாமே, அதைப் பற்றிப் பேசுங்கள் தம்பி" என்றார். எனக்குக் கொஞ்சம் பயமாகிவிட்டது. நான் பேராசிரியர் அல்ல. பலதுறைத் தொழிற்கல்லூரியில் தளவாடத் துறையில் பட்டயம் பெற்றுவிட்டு, அத்தாவோடு மளிகைப் பொருள் மொத்த வியாபாரத்தில் உட்கார்ந்தவன். எண்ணெய் விலை, வெங்காய விலை கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். நாடுகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று யோசித்தேன். பிறகு, அண்டை நாடுகள் சண்டை போட்டால் முதலில் அடி வாங்குவது வியாபாரிதான், அந்தத் தகுதி போதும் என்று ஒப்புக்கொண்டேன்.

என் பாட்டனாரின் பேரேட்டிலிருந்து தொடங்குகிறேன்.

பாட்டனார் கம்போங் கிளாம் பகுதியில் சிறிய துணிக்கடை வைத்திருந்தார். ரியாவ் தீவுகளிலிருந்து படகில் வரும் வியாபாரிகள் கொப்பரை, ரப்பர், கருவாடு எல்லாம் கொண்டுவந்து இங்கே விற்றுவிட்டு, திரும்பும்போது கைலி, வெள்ளைத் துணி, பனியன் வாங்கிப் போவார்கள். பாதிக்குக் காசு, பாதிக்குக் கடன். அடுத்த நடையில் வந்து கடனை அடைப்பார்கள். எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. பேரேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான்.

1963 செப்டம்பரில் மலேசியா உருவானது. சிங்கப்பூரும் அதில் ஒரு மாநிலம். இந்தோனேசிய அதிபர் சுகர்னோ அதை ஏற்கவில்லை. 'கொன்ஃப்ரொன்தாசி' என்ற எதிர்ப்பு இயக்கம் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்திருந்தது. மலேசியா பிறந்த சில நாள்களில் இந்தோனேசியா வணிகத் தொடர்புகளைத் துண்டித்தது. பாட்டனாரின் பேரேட்டில் அந்த ஆண்டின் கடைசிப் பக்கங்களில் பதினொரு பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. எல்லாம் சேர்த்தால் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் வெள்ளி. அன்றைய நிலையில் அது ஒரு சின்னக் கடையையே விழுங்கிவிடக்கூடிய பணம். அதில் இரண்டு பெயர்கள் மட்டும் பிற்காலத்தில் அடிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்பது பெயர்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

அத்தா சிறு வயதில், "அவர்கள் ஏமாற்றிவிட்டார்களா?" என்று பாட்டனாரிடம் கேட்டிருக்கிறார். "அவனுக வரமாட்டேன்னு நிக்கல. வர விடல" என்று பாட்டனார் பதில் சொன்னாராம். கடன் கொடுத்துவிட்டு நின்றவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தது. அதைக் கேட்டு வளர்ந்த நான், என் காலத்தில் என்ன செய்தேன் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

2018ஆம் ஆண்டின் இறுதி உங்களுக்கு நினைவிருக்கும். அக்டோபர் மாதம் மலேசியா, ஜோகூர் பாரு துறைமுக எல்லையை விரிவுபடுத்தி அறிவித்தது. துவாஸுக்கு அப்பால் உள்ள அந்தக் கடற்பகுதி தன்னுடையது என்றது சிங்கப்பூர். டிசம்பரில் அதுவும் தன் துறைமுக எல்லையை விரித்தது. அதே நேரத்தில் சிலேத்தார் விமான நிலையத்தில் விமானங்கள் தரையிறங்கும் முறை பற்றியும், அதனால் பாசிர் கூடாங்கில் உயரமான கட்டடங்கள் கட்ட முடியாமல் போகும் என்பது பற்றியும் இன்னொரு தகராறு.

என் தாயாரின் உடன்பிறந்தவர் குடும்பம் ஜோகூர் பாருவில் இருக்கிறது. மாமா மகன், அதாவது என் மச்சான், என்னைவிட நான்கு வயது மூத்தவர். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு செய்தியைப் பகிர்ந்தேன். யாரோ எழுதியது, மலேசியாவைக் கேலி செய்வது. சிரிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். மச்சான் பதில் போட்டார். நான் அதற்குப் பதில் போட்டேன். அவர் தண்ணீரைப் பற்றிப் பேசினார். நான் எங்கள் ராணுவத்தைப் பற்றிப் பேசினேன். துறைமுகமும் அவருடையதல்ல, ராணுவமும் என்னுடையதல்ல. ஆனாலும் இரவு ஒரு மணி வரை இருவரும் ஏதோ அமைச்சர்கள் மாதிரி எழுதிக்கொண்டிருந்தோம். காலையில் பார்த்தால் அவர் குழுவிலிருந்து விலகியிருந்தார். அதன்பிறகு ஆறு மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அம்மா தம் அண்ணனோடு பேசும்போதெல்லாம் சமையலறைக்குள் போய்த் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். அதற்குக் காரணம் நான்.

எங்களிடம் சரக்கு வாங்கும் ஓர் உணவகத்தில் தினமும் காலையில் தேநீர் குடிக்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் இந்தக் கதையை அவரிடம் சொல்லி, "இந்தத் தகராறு எப்போது சார் தீரும்?" என்று கேட்டேன். மறுநாள் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "தீருமா என்று கேட்காதே. தீராமலேயே எப்படிக் காலம் ஓடுகிறது என்று இவர் எழுதியிருக்கிறார், படி" என்றார். பேராசிரியர் மைக்கேல் லைஃபர் எழுதிய புத்தகம் அது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடை மூடிய பிறகு பத்துப் பத்துப் பக்கமாகப் படித்தேன்.

யார் இந்த லைஃபர்? 1933ல் லண்டனில் பிறந்து 2001ல் மறைந்த அரசியல் அறிஞர். லண்டன் பொருளியல் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். வாழ்நாளின் பெரும்பகுதியைத் தென்கிழக்காசியாவைப் படிப்பதிலேயே செலவிட்டார். மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளைப் பற்றி 1978ல் ஒரு நூல், இந்தோனேசியாவின் வெளியுறவுக் கொள்கையைப் பற்றி 1983ல் ஒரு நூல், ஆசியானையும் இந்த வட்டாரத்தின் பாதுகாப்பையும் பற்றி 1989ல் ஒரு நூல், சிங்கப்பூரின் வெளியுறவுக் கொள்கையைப் பற்றி 2000ல் ஒரு நூல். ஆசிரியர் எனக்குத் தந்தது இந்தக் கடைசி நூல்.

அவர் சொல்வதை எனக்குப் புரிந்த அளவில் மூன்று விஷயங்களாகச் சொல்கிறேன்.

முதலாவது, சிறிய நாட்டின் பயம். வரைபடத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். வடக்கே மலேசியா, தெற்கே இந்தோனேசியா, நடுவில் ஒரு புள்ளி. குடிக்கும் தண்ணீருக்கும் உண்ணும் உணவுக்கும் வெளியாரை நம்பி இருக்கும் நாடு. 1965 ஆகஸ்ட் 9ல் விரும்பிக் கேட்காமலேயே கிடைத்த சுதந்திரம். சிங்கப்பூர் எவ்வளவு பணம் சேர்த்தாலும், எவ்வளவு நல்ல ராணுவம் வைத்திருந்தாலும், இந்தப் பயம் அதன் இரத்தத்திலேயே இருக்கிறது. அதன் வெளியுறவுக் கொள்கை முழுவதையும் அந்தப் பயத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும் என்பது லைஃபரின் வாதம். பெரிய நாட்டுக்கு இது விளங்குவது கடினம். "இவ்வளவு வசதியாக இருக்கிறவன் ஏன் இப்படி முறைத்துக்கொண்டு நிற்கிறான்?" என்று அது கேட்கும். சிறிய நாடோ, "கொஞ்சம் அசந்தால் விழுங்கிவிடுவார்கள்" என்று நினைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவது இவருக்கு உடைப்பதுபோல் கேட்கும். இவர் வேலி போடுவது அவருக்கு அவமானமாகப் படும். நானும் மச்சானும் அந்த இரவில் பேசியது வேறொன்றும் இல்லை, இதேதான்.

இரண்டாவது, ஆசியான் எதற்காகப் பிறந்தது என்பது. பள்ளியில் நாம் படித்தது பொருளாதார ஒத்துழைப்பு, பண்பாட்டுப் பரிமாற்றம் என்று. பிரகடனத்திலும் அப்படித்தான் இருக்கிறது. லைஃபர் அதற்குப் பின்னால் போய்ப் பார்க்கிறார். ஆசியான் ஒரு சமாதான ஏற்பாடு என்கிறார். சண்டை போட்டவர்கள் மானம் போகாமல் ஒரே பாயில் உட்கார வழி செய்த ஏற்பாடு.

எவ்வளவு பெரிய சண்டை என்பதை நம் இளையர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1965 மார்ச் 10ஆம் தேதி ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்தது. மூன்று பேர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். வைத்தவர்கள் இந்தோனேசியக் கடற்படை வீரர்கள் இருவர், உஸ்மான், ஹருண் என்பவர்கள். 1966 ஆகஸ்ட்டில் கொன்ஃப்ரொன்தாசி முடிவுக்கு வந்தது. சரியாக ஓராண்டில், 1967 ஆகஸ்ட் 8ஆம் தேதி, பேங்காக்கில் ஐந்து பேர் கையெழுத்திட்டு ஆசியானைத் தொடங்கினார்கள். இந்தோனேசியாவின் ஆடம் மாலிக், மலேசியாவின் துன் அப்துல் ரசாக், பிலிப்பீன்ஸின் நார்சிசோ ராமோஸ், தாய்லாந்தின் தனாட் கோமான், சிங்கப்பூரின் எஸ். ராஜரத்னம். ராஜரத்னம் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர் என்பது உங்களுக்குத் தெரியும்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 1968 அக்டோபரில் அந்த இரண்டு வீரர்களுக்கும் சிங்கப்பூர் மரண தண்டனையை நிறைவேற்றியது. அதிபர் சுகார்த்தோவே கருணை காட்டும்படி கேட்டிருந்தார். சிங்கப்பூர் இணங்கவில்லை. ஜகார்த்தாவில் கூட்டம் கூடி நம் தூதரகத்தைச் சூறையாடியது. ஐந்தாண்டு கழித்து, 1973ல், பிரதமர் லீ குவான் இயூ ஜகார்த்தா சென்றபோது, கலிபாத்தா வீரர் கல்லறையில் அந்த இருவரின் கல்லறைகள்மீதும் பூக்களைத் தூவினார். தண்டனை தவறு என்று சிங்கப்பூர் ஒருபோதும் சொல்லவில்லை. அவர்கள் செய்தது குற்றம் என்று இந்தோனேசியா ஒருபோதும் சொல்லவில்லை. யார் சரி என்ற கேள்வியை அப்படியே வைத்துவிட்டு, இருவரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள்.

லைஃபர் அழுத்திச் சொல்வது இதைத்தான். ஆசியான் தகராறுகளைத் தீர்க்கும் நீதிமன்றம் அல்ல. தகராறுகள் வீட்டைக் கொளுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. சபா மாநிலத்தின் மீது பிலிப்பீன்ஸ் 1962ல் உரிமை கோரியது. அதனால் 1968ல் மலேசியாவும் பிலிப்பீன்ஸும் தூதரக உறவையே நிறுத்திக்கொண்டன. ஓராண்டுக் குழந்தையான ஆசியான் அன்றே மடிந்திருக்க வேண்டியது. 1969 இறுதியில் உறவு மீண்டது. சபா பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. ஆசியானும் இருக்கிறது, அந்தப் பிரச்சினையும் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் பெரிய அண்ணனின் பங்கு முக்கியம். இந்த வட்டாரத்தில் ஆகப் பெரிய நாடு இந்தோனேசியா. தலைமை தனக்கே உரியது என்ற எண்ணம் அதற்கு எப்போதும் உண்டு என்று லைஃபர் எழுதுகிறார். ஆனால் சுகார்த்தோ காலத்தில் அது தன் கையை அடக்கிக்கொண்டது. பெரியவர் அடங்கி உட்கார்ந்ததால் சிறியவர்கள் பயமின்றிப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நம் பூர்வீக மண் இருக்கும் தெற்காசியாவைப் பாருங்கள். அங்கும் 1985ல் சார்க் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. இந்தியாவும் பாகிஸ்தானும் அதில் உறுப்பினர்கள். 2014ல் காட்மாண்டுவில் நடந்ததுதான் அதன் கடைசி உச்சநிலைக் கூட்டம். 2016ல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது நடக்கவில்லை. இரண்டு பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மற்ற ஆறு பேரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது விஷயம் கொஞ்சம் கசப்பானது. பேச்சுவார்த்தையும் கூட்டங்களும் மட்டும் அமைதியைக் காக்காது என்கிறார் லைஃபர். அடியில் பலங்களுக்கு இடையே ஒரு சமநிலை இருந்தால்தான் மேலே பேச்சுவார்த்தை நிற்கும் என்பது அவருடைய கருத்து. கம்போடியாவை உதாரணமாகக் காட்டுகிறார். வியட்நாமியப் படைகள் அங்கே நுழைந்த பிறகு ஆசியான் ஆண்டுக்கணக்கில் ஐக்கிய நாட்டுச் சபையில் போராடியது, பெரிய பெயரும் எடுத்தது. ஆனால் 1991 அக்டோபரில் பாரிஸில் உடன்பாடு கையெழுத்தானதற்குக் காரணம், பெரிய வல்லரசுகளின் கணக்கு மாறியதுதான்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் நானும் தேசிய சேவை செய்தவன். ஒவ்வோர் ஆண்டும் முகாமுக்கு அழைப்பு வரும், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போவேன். யாருக்கு எதிராகப் பயிற்சி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் 1991 ஆகஸ்ட் 9ல் என்ன நடந்தது என்று பின்னால் படித்தேன். நம் தேசிய தினத்தன்று, மலேசியாவும் இந்தோனேசியாவும் தென் ஜோகூரில் கூட்டுப் பயிற்சி நடத்தி வான்குடை வீரர்களை இறக்கின. சிங்கப்பூர் தன் சேவையாளர்களை வெளிப்படையாக அழைத்துத் திரட்டியது. அந்தப் பக்கம் தென் ஜோகூரில் என் மாமா குடும்பம். இந்தப் பக்கம் சீருடையில் என் அத்தா வயதுக்காரர்கள். ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதே மலேசியாவும் சிங்கப்பூரும்தான், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றோடு சேர்ந்து 1971 முதல் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டில் ஒன்றாகப் பயிற்சி செய்கின்றன. ஒருவரையொருவர் நம்பவும் இல்லை, ஒருவரை விட்டு ஒருவர் போகவும் முடியவில்லை. இந்த இரண்டையும் ஒருசேரப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் லைஃபர்.

அவர் சொல்வதை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் அமிதாவ் ஆச்சாரியா 2001ல் ஆசியானைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறார். பலத்தின் சமநிலை மட்டும் அல்ல, பழக்கமும் ஒரு பலம் என்பது அவர் வாதம். ஒருவர் உள்விவகாரத்தில் ஒருவர் தலையிடுவதில்லை, ஆயுதத்தைத் தூக்குவதில்லை, கூடிப் பேசி ஒருமித்து முடிவெடுப்பது என்று திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, அண்டை நாட்டோடு போர் என்ற எண்ணமே மெல்ல மெல்ல மனத்தை விட்டுப் போகும் என்கிறார். ஆசியானில் இந்த வழக்கத்துக்கு 'முஷாவரா', 'முஃபாக்கத்' என்று பெயர். இரண்டும் அரபு மூலத்திலிருந்து மலாய் மொழிக்குப் போன சொற்கள். நம் ஜமாஅத்தில் 'மஷூரா' என்கிறோமே, அதேதான். நம் சங்கச் செயலவையில் வாக்கெடுப்பு நடந்ததை நான் பார்த்ததே இல்லை. இரவு பதினோரு மணி வரை பேசி, கடைசியில் யாரோ ஒரு பெரியவர் "சரி, அப்படியே செய்வோம்" என்பார். எல்லாரும் தேநீர் குடித்துவிட்டுப் போவோம். எல்லாருக்கும் சம்மதமா என்று கேட்டால் சந்தேகம்தான். ஆனால் ஐம்பது ஆண்டுகளாகச் சங்கம் உடையவில்லை.

லைஃபர் சரியா, ஆச்சாரியா சரியா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. ஒரு வியாபாரியாக ஒன்றைச் சொல்லலாம். எனக்குச் சரக்கு தரும் ஜோகூர்க்காரரை நான் இருபது ஆண்டுகளாக நம்புகிறேன். அது பழக்கம். ஆனாலும் வேறு இரண்டு இடங்களிலும் கணக்கு வைத்திருக்கிறேன். அது சமநிலை. 2022 ஏப்ரல் 28ஆம் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23 வரை அந்தத் தடை நீடித்தது. ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. நாம் உண்ணும் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இரண்டும் நமக்கு எதிராகச் செய்தவை அல்ல. தங்கள் மக்களுக்கு விலை ஏறக்கூடாது என்று செய்தவை. ஆனால் என்னிடம் எண்ணெய் வாங்கும் நாசி பிரியாணிக் கடைக்காரர், "என்ன தம்பி, அவர்கள் நம்மை நெருக்குகிறார்களா?" என்றுதான் முதலில் கேட்டார். அறுபது ஆண்டுப் பழைய பயம் ஓர் எண்ணெய் டின்னைப் பார்த்தும் எழுந்து நிற்கிறது. அவருக்கு நான் பாட்டனாரின் சொல்லைத்தான் சொன்னேன்: அவர்கள் தரமாட்டேன் என்று நிற்கவில்லை, இப்போதைக்குத் தர முடியவில்லை.

துறைமுகத் தகராறு என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2019 ஏப்ரலில் இரண்டு நாடுகளும் ஒரே நேரத்தில் தத்தம் பழைய துறைமுக எல்லைகளுக்குத் திரும்பின. சிலேத்தார் விஷயத்திலும் சிங்கப்பூர் அந்தத் தரையிறங்கும் முறையைத் திரும்பப் பெற்றது. மலேசியா அங்கே விதித்திருந்த வான்வெளிக் கட்டுப்பாட்டை நிறுத்திவைத்தது. கடல் யாருடையது என்ற கேள்வி பேச்சுவார்த்தைக்குப் போனது. ஒருவர் ஓர் அடி, இன்னொருவர் ஓர் அடி, இருவரும் ஒரே நாளில். யாரும் தோற்றதாகத் தெரியாது. அதுவும் ஒரு கலை. பேச்சில் முடியாததை நீதிமன்றத்துக்குக் கொண்டு போனதும் உண்டு. பெத்ரா பிராங்கா தீவு சிங்கப்பூருக்கு, பக்கத்திலுள்ள மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கு என்று 2008 மே 23ல் அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு தோட்டாவும் வெடிக்கவில்லை.

எங்கள் வீட்டுத் துறைமுகம் அதற்குப் பிறகுதான் திறந்தது. அந்த ஆண்டு நோன்புப் பெருநாள் ஜூன் மாதம் வந்தது. அம்மா, "நான் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன், நீ காரை ஓட்டு, உள்ளே வராவிட்டாலும் பரவாயில்லை" என்றார்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மூன்று மணி நேரம் நெரிசல். அந்த மூன்று மணி நேரமும் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். மன்னிப்புக் கேட்பதா, துறைமுக எல்லையை விளக்குவதா? வாசலில் மச்சான் நின்றார். கையைக் கொடுத்தார். "வண்டியை நிழலில் போடுங்க மச்சான்" என்றார். சாப்பிடும்போது, "எண்ணெய் இப்ப என்ன விலைக்குப் போகுது?" என்று கேட்டார். எண்ணெயைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். அந்த இரவில் எழுதியதைப் பற்றி இன்றுவரை இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீடு திரும்பும் வழியில் அம்மா முன்னிருக்கையில் தூங்கிவிட்டார்கள். ஆறு மாதமாக அவர்கள் அப்படி நிம்மதியாகத் தூங்கி நான் பார்க்கவில்லை.

ஆனால் பேசாமல் விட்ட எல்லாமே கரைந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு விஷயத்தை மட்டும் சொல்லி முடிக்கிறேன். 1962ல் கையெழுத்தான தண்ணீர் ஒப்பந்தப்படி, சிங்கப்பூர் ஜோகூர் ஆற்றிலிருந்து ஒரு நாளைக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் கேலனுக்கு மூன்று சென் விலை. இது மிகக் குறைவு என்பது ஜோகூரில் உள்ளவர்களின் நியாயம். சுத்திகரித்த தண்ணீரையும் செலவுக்குக் குறைந்த விலையில் திருப்பித் தருகிறோம், ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்பது நம் நியாயம். 1961ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2011ல் முடிந்தபோது, சிங்கப்பூர் அந்த நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை ஜோகூரிடம் ஒப்படைத்துவிட்டு அமைதியாக வந்தது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061ல் முடிகிறது. நாம் நியூவாட்டர் செய்கிறோம், கடல்நீரைக் குடிநீராக்குகிறோம். ஆனாலும் 2061 வரத்தான் போகிறது.

அன்று இந்த மண்டபத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? பின்வரிசையில் பிரியாணிப் பொட்டலத்துக்குக் காத்திருக்கும் என் மகளுக்கு அப்போது நாற்பதுகளில் வயது இருக்கும். மச்சானின் மகனுக்கும் அதே வயது. எந்த அமைச்சர் கையெழுத்திடுவார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆண்டு தண்ணீரைப் பற்றிய செய்தி கைப்பேசியில் வரும்போது, இவள் அதை அவனுக்குக் கேலியாக அனுப்புவாளா, அல்லது "உங்கள் பக்கம் என்ன பேசிக்கொள்கிறார்கள்?" என்று கேட்பாளா என்பது எங்கள் கையில் இருக்கிறது. பள்ளி விடுமுறைதோறும் பிள்ளைகளை அக்கரைக்கு அழைத்துப் போகிறோமா, நெரிசலைச் சொல்லி நின்றுவிடுகிறோமா என்பதில் இருக்கிறது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி ஜும்ஆ மேடைகளில் கேட்டு வளர்ந்த சமுதாயம் நாம். பாலம் தாண்டியும் பக்கத்து வீடுதான்.

இளையர் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஜோகூரில் உள்ள நம் சகோதரச் சங்கத்தாரோடு ஒரு சந்திப்பு வையுங்கள். தீர்மானம் எதுவும் போட வேண்டாம். பந்து விளையாடுங்கள், சேர்ந்து சாப்பிடுங்கள். எண்ணெய் வேண்டுமானால் நான் தருகிறேன்.

பாட்டனாரின் பேரேடு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ஒன்பது பெயர்களையும் அடித்துவிடலாமா என்று அத்தாவிடம் ஒருமுறை கேட்டேன். "வேண்டாம், இருக்கட்டும். கணக்கு முடியவில்லை என்று தெரிந்தால்தான் அடுத்தவன் கடன் கொடுப்பதற்கு முன்னால் அக்கரையைப் பார்ப்பான்" என்றார். அதனால் அப்படியே வைத்திருக்கிறேன்.